பம்ப் மேல் பழி போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு, கேன்டீனில் நம் பழைய கூட்டம் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது. முழங்கால் வலி, பேரன் கல்யாணம், சோஷியல் செக்யூரிட்டி என்று பேச்சு ஒரு சுற்று வந்த பிறகும் ஒரு நண்பர் மட்டும் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டே இருந்தார். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். கேட்டதும் கொட்டிவிட்டார்.

அவரிடம் 1994 மாடல் எஃப்-150 பிக்கப் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட நிலத்துக்கு வாழைக்கன்றும் எருவும் ஏற்றிப்போக வைத்திருக்கிறார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பெட்ரோல் டாங்க். பின் டாங்க்குக்கு ஸ்விட்சைத் தட்டினால் சில விநாடி ஓடி, இருமி, நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பின் டாங்க்கை இறக்கி பம்ப்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழுவினார்கள். பில் 1,400 டாலர். வீட்டுக்கு வந்து ஸ்விட்சைத் தட்டினார். சில விநாடி ஓடி, இருமி, நின்றுவிட்டது.

"திரும்பப் போய்க் கேட்டேன் அண்ணா. புதுப் பம்ப்பும் மோசமா இருக்கலாம், இல்லேன்னா முன் பம்ப்பையும் மாத்திப் பாக்கலாம்னு சொல்றான். பையன் இதை ஸ்கிராப்புக்குத் தள்ளிட்டு வேற வாங்குப்பாங்கறான்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "முன் டாங்க்ல எப்படி ஓடுது?"

"அதுல ஜம்முனு ஓடுதே!"

"அப்புறம் எதுக்கு ஃபில்டரை மாத்தினாங்க? எதுக்கு இன்ஜெக்டரைக் கழுவினாங்க?"

மேஜையில் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வியை ஒர்க்‌ஷாப்காரன் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தால் நண்பரின் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அவன் கேட்கவில்லை. நண்பரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பாதிக் கோபம் ஒர்க்‌ஷாப்காரன் மேல், மீதிப் பாதி நம் மேல். என் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு, அதற்கான கதை பின்னால் வருகிறது.

முதலில் இந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். இங்கே எல்லோரும் கேஸ் என்பார்கள், நான் பழைய பழக்கத்தில் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

1990 முதல் 1996 வரை வந்த எஃப்-150-இல் இரட்டை டாங்க் என்றால், ஒவ்வொரு டாங்க்குக்குள்ளும் ஒரு மின்சார பம்ப் மூழ்கிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 35 காலன் பிடிக்கும், நம் கணக்கில் 130 லிட்டர். பாட்டரியில் இருந்து மின்சாரம் ஃபியூஸ், ரிலே வழியாக வந்து, இனர்ஷியா ஸ்விட்ச் என்ற ஒரு காவல்காரனைத் தாண்டும். வண்டி எதிலாவது மோதினால் பம்ப்பை நிறுத்துவதற்காக வைத்தது அது. அங்கிருந்து டாஷ்போர்டில் உள்ள டாங்க் ஸ்விட்சுக்கு வரும். அந்த ஸ்விட்ச் முன் பக்கம் இருந்தால் முன் பம்ப்புக்கும் பின் பக்கம் இருந்தால் பின் பம்ப்புக்கும் மின்சாரத்தை அனுப்பும். அதே ஸ்விட்ச்தான் பெட்ரோல் முள்ளையும் எந்த டாங்க்கின் அளவைக் காட்டுவது என்று மாற்றிவிடுகிறது. இரண்டு டாங்க்கில் இருந்து வரும் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குப் போகும். இன்ஜின் செலவழித்தது போக மிச்ச பெட்ரோல் வேறொரு குழாய் வழியாக, எந்த டாங்க்கில் இருந்து வந்ததோ அந்த டாங்க்குக்கே திரும்பும்.

இதில் எது பொது, எது தனி என்று பிரித்துப் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, இனர்ஷியா ஸ்விட்ச், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டர் எல்லாம் பொது. டாங்க் ஸ்விட்சுக்குள் இருக்கும் தொடுமுனை, அங்கிருந்து டாங்க் வரை போகும் ஒயர், பிளக், எர்த், பம்ப் ஆகியவை மட்டும் தனி. ஒரு டாங்க்கில் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் பொதுவானவை அத்தனையும் குற்றமற்றவை. ஒரு பைசா செலவில்லாமல், ஒரு ஸ்பானரைத் தொடாமல் பாதி வண்டிக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஒற்றை டாங்க் வண்டி வைத்திருப்பவனுக்குக் கிடைக்காத வசதி இது. வண்டி தானாகவே பரீட்சை எழுதி விடைத்தாளை நீட்டுகிறது. அதை வாங்கிப் படிக்காமல் பம்ப்பை ஆர்டர் செய்பவனை மெக்கானிக் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி என் கதை.

1992 மாடல், ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் இன்ஜின். பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். 2005 வசந்தத்தில் அதன் பின் டாங்க் வேலை செய்யவில்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். கெமிக்கல் பிளான்ட்டில் ஒரு வால்வு திறக்கவில்லை என்றால், மின்சாரம் வருகிறதா, காற்று வருகிறதா, சிக்னல் வருகிறதா என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பழுதை மூலையில் தள்ளிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. மாற்றுவதற்கு முன் நிரூபி என்று எங்கள் ஃபோர்மன் தினம் பாடம் எடுப்பார். அப்படிப்பட்டவன், என் சொந்த வண்டியை மட்டும் ஒரு கடையில் விட்டுவிட்டுக் கைகட்டி நின்றேன். அந்தச் சமயம் பிளான்ட்டில் ஓவர்டைம் வேலை. அசதி. "நமக்கெதற்கு" என்ற புத்தி.

பம்ப்பை மாற்றினார்கள். சுமார் 700 டாலர். மூன்று மாதம் ஓடியது, பிறகு விட்டுவிட்டு வேலை செய்தது. திரும்பப் போனேன். புதுப் பம்ப் கோளாறு என்று சொல்லி இன்னொன்று போட்டுக் கொடுத்தார்கள், இந்தமுறை காசு வாங்கவில்லை. காசு வாங்காததால் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் பம்ப் உண்மையிலேயே போயிருந்ததா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. பழையதைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அந்த செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தது. ஹூஸ்டன்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிவியில் அந்தக் கூரைகளையும் அதன்மேல் நின்ற மனிதர்களையும் பார்த்த பயத்தில் ஊரே கிளம்பியது. 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமை நான் பின் டாங்க்கை முழுக்க நிரப்பினேன். முன் டாங்க் முக்கால் வந்தபோது பங்க்கில் சரக்கு தீர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் ஸ்விட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தேன், இரண்டும் ஓடின. வியாழன் விடிவதற்கு முன் என் மனைவி, அப்போது 81 வயதான என் அம்மா, நான் என்று மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஆஸ்டினில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். மனைவிக்குச் சர்க்கரை. ஐஸ் பெட்டியில் இன்சுலின்.

சாதாரண நாளில் மூன்று மணி நேரப் பயணம். 290-ஆம் சாலையில் பன்னிரண்டு மணி நேரம் ஊர்ந்து, ஹெம்ப்ஸ்டெட்டைத்தான் தாண்டியிருந்தோம். வெயில் 100 டிகிரியைத் தொட்டது. வழியெல்லாம் பெட்ரோல் தீர்ந்து நின்ற கார்கள். ஓரத்தில் குழந்தைகளை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்த தாய்மார்கள். அப்போது என் முன் டாங்க் தீர்ந்தது. "பரவாயில்லை, நமக்கு இன்னொரு டாங்க் முழுசா இருக்கு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன். முள் ஏறி முழு டாங்க் என்று காட்டியது. இன்ஜின் இருமி நின்றது.

வண்டியில் 18 காலன் பெட்ரோல் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு இன்ஜினுக்குப் போகவில்லை. நான் நிலைமையை விளக்கியதும் அம்மா சொன்னாள்: "பானை நிறைய சோறு இருக்கு, அகப்பைதான் இல்லேங்கறியா?"

அவ்வளவுதான் விஷயம். கடையில் இரண்டு முறை யாருக்கும் தோன்றாததை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

டூல் பையில் ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தது. ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவில் ஒரு சின்ன பல்ப். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் போனேன். மனைவியிடம், நான் சொல்லும்போதெல்லாம் சாவியைத் திருப்பு என்றேன். சாவியை ஆன் செய்ததும் பம்ப் ஓரிரு விநாடிதான் ஓடும். இன்ஜின் சுற்றாவிட்டால் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒருமுறை சாவி. டாங்க்குக்கு முன்னால், சட்டத்தை ஒட்டி, கடைக்காரர்கள் புதுப் பம்ப்புக்காக ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். கிளிப்பைத் துரு சுரண்டிய சட்டத்தில் மாட்டி, பவர் ஒயரின் ஒட்டை ஊசியால் தொட்டேன். "திருப்பு!" பல்ப் பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் மின்சாரம் வருகிறது. ஸ்விட்ச் சரி, ரிலே சரி. கிளிப்பைக் கழற்றி எர்த் ஒயரில் மாட்டினேன். "திருப்பு!" பல்ப் எரியவில்லை.

பம்ப்புக்கு வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. எர்த் ஒயரின் ஒட்டைப் பிரித்தேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. சாலையில் தெறிக்கும் தண்ணீர் படும் இடத்தில் வெறும் நசுக்கு ஒட்டுப் போட்டு, மேலே ஒன்றும் சுற்றாமல் விட்டிருந்தார்கள். கடையில் ஒட்டிய அன்று ஓடியது. வாசலில் நின்றபோது ஓடியது. பன்னிரண்டு மணி நேர அதிர்வில் கடைசி இழையும் விட்டுவிட்டது.

சாவியை எடுத்துவிட்டு, ஒயரைப் பளபளப்பு தெரியும்வரை சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். "திருப்பு!" தலைக்கு மேல் டாங்க்குக்குள் பம்ப் ரீங்காரமிட்டது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சங்கீதத்தை நான் எந்த மார்கழிக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

வேலை முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. செலவு, டேப் மட்டும்.

நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தோம். ரீட்டா கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பி, 24-ஆம் தேதி விடியற்காலை டெக்சாஸ்-லூசியானா எல்லையில் கரையேறியது. ஹூஸ்டன் பெரிய அடி வாங்காமல் தப்பியது. ஆனால் டெக்சாஸில் புயலில் செத்தவர்களைவிடப் புயலுக்குப் பயந்து ஓடும்போது செத்தவர்கள் அதிகம். வெயிலிலும் நெரிசலிலும் போனவர்கள் எத்தனையோ பேர். முதியோர் இல்லத்தில் இருந்து கிளம்பிய ஒரு பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையோரத்தில் இன்னும் ஆறு மணி நேரம் கிடந்திருந்தால் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் தோன்றும். ஒரு பச்சை பிடித்த ஒயர். அதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் மேல் கோபம் என்று சொன்னேனே, இதுதான்.

ஆகவே இது ஏதோ 1,400 டாலர் விவகாரம் என்று நினைக்காதீர்கள். பழுதைக் கண்டுபிடிக்காமல் பொருளை மட்டும் மாற்றினால் பழுது வண்டிக்குள்ளேயேதான் இருக்கும். ஒரு நல்ல நாள் பார்த்து, நாம் நடுச்சாலையில் இருக்கும்போது வெளியே வரும்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வயதில் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது என்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கவாவது இது உதவும்.

சாவியை ஆன் செய்து, ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். ஸ்விட்சை முன் டாங்க்கில் வைத்து ஒருமுறை, பின் டாங்க்கில் வைத்து ஒருமுறை. இரண்டிலும் ரீங்காரம் இல்லை என்றால் பழுது பொது வழியில். உடனே பயணி பக்கம் காலடியில் இருக்கும் இனர்ஷியா ஸ்விட்சைப் பாருங்கள். பெரிய குழியில் விழுந்தாலோ யாராவது காலால் உதைத்தாலோகூட அது விழுந்துவிடும். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் பழையபடி ஓடும். எதிலாவது மோதிய பிறகு விழுந்திருந்தால் மட்டும், பெட்ரோல் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அதுவும் சரி என்றால் ஃபியூஸ், ரிலே.

இரண்டு டாங்க்கிலும் ரீங்காரம் உண்டு, ஆனால் இரண்டிலும் இன்ஜின் இழுக்கவில்லை என்றால்தான் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மாற்றுவதற்கு முன் பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்கள். இன்ஜின் மேல் உள்ள பெட்ரோல் குழாயில், டயருக்குக் காற்றடிக்கும் வாய் போன்ற ஒரு வாய் இருக்கும். என் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 5.0 லிட்டர் வி-8 என்றால் அதைவிடக் குறைவு, 40-ஐ ஒட்டி. கேஜை உதிரிபாகக் கடைகளில் இரவலாகவே கொடுக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் ரீங்காரம் இல்லை என்றால், அந்த டாங்க்கின் பிளக்கில் டெஸ்ட் லாம்ப். பவர் முனைக்கும் சுத்தமான சட்டத்துக்கும் நடுவில் எரியவில்லை என்றால் மின்சாரமே வரவில்லை, டாஷ்போர்டு ஸ்விட்சை நோக்கிப் பின்னால் போங்கள். அங்கே எரிந்து, பவருக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவில்லை என்றால் எர்த் போய்விட்டது. இரண்டிலும் பிரகாசமாக எரிகிறது, ஆனாலும் பம்ப் பேசவில்லை என்றால், அப்போது பம்ப் செத்துவிட்டது என்று சொல்லுங்கள், நான் தலையாட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று சத்தியம் செய்யும். ஏனென்றால் அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை. பல்ப் இழுக்கும், அதனால் ஒயர் நைந்திருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். விலை குறைந்த பல்ப்பிடம் கிடைக்கும் உண்மை, விலை உயர்ந்த மீட்டரிடம் எப்போதும் கிடைப்பதில்லை. மீட்டர்தான் இருக்கிறது என்றால், பம்ப் ஓடும்போது எர்த் முனைக்கும் பாட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது.

இன்னொரு விசித்திரமான நோய் உண்டு. முன் டாங்க்கில் ஓட்டும்போது பின் டாங்க்கின் அளவு ஏறும், சில சமயம் மூடி வழியாகப் பெட்ரோல் வழியும். திரும்பிப் போகும் பெட்ரோல் தவறான டாங்க்குக்குப் போவதால் வருவது. டாங்க்குக்குள் உள்ள வால்வின் வேலை அது. இரட்டை டாங்க் வண்டிகளை 1993-இல் இதற்காக ரீகால் செய்தார்கள். இது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தீ விபத்து விஷயம். மற்ற சோதனைகளிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: திறந்த வெளியில் செய்யுங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்விட்ச், ஒயர் எதையும் தொடாமல் விலகுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இப்போது மெக்கானிக்குகள் சார்பில் வரும் வாதத்துக்கு வருகிறேன். "சார், சோதித்துக்கொண்டு இருந்தால் எனக்குக் கூலி யார் கொடுப்பது?" இதில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் பல ஒர்க்‌ஷாப்களில் மெக்கானிக்குக் கூலி, வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் போட்ட கணக்குப்படிதான். பம்ப் மாற்றினால் இத்தனை மணி என்று எழுதியிருக்கும். ஒரு மணி நேரம் யோசித்து, எர்த் ஒயரில் பழுது என்று கண்டுபிடிப்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யோசிக்காமல் டாங்க்கை இறக்குபவன் வீட்டுக்கு அதிகம் கொண்டுபோகிறான். யோசிப்பவனைத் தண்டிக்கிற ஏற்பாடு இது. அந்தப் பையனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? சோதனைக்கு 150 டாலர் என்று போர்டு போட்டிருந்தால், "சும்மா பார்ப்பதற்கு 150 டாலரா?" என்று சண்டை போடுகிறோம். பளபளவென்று டப்பாவில் வந்த பம்ப்புக்கு 700 டாலர் என்றால் வாயை மூடிக்கொண்டு கார்டைத் தேய்க்கிறோம். கையில் தொட்டுப் பார்க்கிற பொருள் கிடைத்தால்தான் காசுக்கு மதிப்பு என்று நமக்கு நினைப்பு. மூளைக்குக் காசு கொடுக்க மனம் வராத வாடிக்கையாளருக்கு, மூளையைப் பயன்படுத்தாத மெக்கானிக்தான் வாய்ப்பான். நம்மில் பலர் எஞ்சினியர்கள், டெக்னீஷியன்கள். நாமே நம் தொழிலின் மரியாதையை இப்படிக் கெடுக்கலாமா?

அதனால் கடைக்குப் போனால் பம்ப்பை மாற்று என்று சொல்லாதீர்கள். "பின் டாங்க் வேலை செய்யவில்லை, காரணத்தைக் கண்டுபிடி, சோதனைக்கு உரிய காசு தருகிறேன், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்குக் காட்டு" என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் முகம் சுளிக்கிற கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். "பழைய வண்டி என்றாலே இப்படித்தான், தூக்கிப் போடுங்கள்." எஃப்-150-இல் இரட்டை டாங்க் 1996 மாடலோடு போய்விட்டது, இந்த வண்டிகள் ஒருநாள் தெருவில் இருந்து மறையத்தான் போகின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மகள் மின்சாரக் கார் ஓட்டுகிறாள், நல்ல கார். ஆனால் காரணம் தெரியாமல் பழையதைத் தூக்கிப் போடுகிறவன், காரணம் தெரியாமல் புதியதையும் தூக்கிப் போடுவான். வயதாவது வேறு, பழுதாவது வேறு. இந்த வித்தியாசத்தை நம் வயதுக்காரர்களாவது விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பம்ப்புகள் சாகாமலும் இல்லை. முக்கியமாக, பயன்படுத்தாத டாங்க்கில் இருக்கும் பம்ப். ஒரே டாங்க்கில் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, மற்றதில் பெட்ரோலை அப்படியே விட்டுவைப்பவர்கள் நிறைய. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், துரு பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்விட்சைத் தட்டி இரண்டிலும் மாறி மாறி ஓட்டுங்கள். சும்மா கிடப்பது டாங்க்குக்கும் ஆகாது.

கடைசியாக, நண்பரின் வண்டி. புதன்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்து, "அண்ணா, இதுக்கு மேல இவர் இதுல ஒரு டாலர் போட்டா நான் பேசவே மாட்டேன்" என்று எச்சரித்தார். பின் டாங்க்கின் பிளக்கில் லாம்ப்பை வைத்தேன். அவர் சாவியைத் திருப்பினார். சட்டத்தோடு எர்த் செய்தும் எரியவில்லை. மின்சாரமே வரவில்லை என்றால், அந்தப் புதுப் பம்ப் ஒரு நாள்கூட ஓடவே இல்லை என்று அர்த்தம்! டாஷ்போர்டு ஸ்விட்சைக் கழற்றினோம். பின் டாங்க்குக்குப் போகும் முனை கருகிப் பழுப்பேறி இருந்தது. பெட்ரோல் முள் சரியாக மாறியதால் ஸ்விட்ச் நல்லதுதான் என்று கடையில் சொன்னார்களாம். முள்ளுக்குப் போகும் மின்சாரம் கொசு அளவு, அதன் முனை தனி. பம்ப் இழுக்கிற மின்சாரம்தான் முனையைக் கருக்கும்.

புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டோம். விலை இரண்டு பீட்சா விலைதான். ரீங்காரம் கேட்டதும் நண்பர் என்னைப் பார்க்காமல் பின் டாங்க் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ என்னோட பழைய பம்ப் நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லே அண்ணா?" என்றார்.

இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. அதையும் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

வரும் ஞாயிறு கோயிலுக்கு என் பிக்கப்பில்தான் வருவேன். டெஸ்ட் லாம்ப் வண்டியிலேயே இருக்கும். இப்படி ஒரு வண்டி வைத்துக்கொண்டு திண்டாடுபவர் யாராவது இருந்தால், பார்க்கிங்கில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு கொடுக்கப் பழக வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் அல்லவா? எனக்கு ஒரு ஃபில்டர் காபி போதும்.